பசியில் பிறந்த பசை

ஜப்பானில் பெட்ரோலிய ரசாயன ஆலைகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த காலம். 1960-களின் தொடக்கம். ஒசாகா பல்கலைக்கழகத்தில் டோகுயா ஹராடா என்ற விஞ்ஞானிக்கு ஒரு யோசனை. ஆலைகளிலிருந்து மலிவாக வரும் ரசாயனத்தைத் தின்று வளரும் நுண்ணுயிர் எதுவும் மண்ணில் இருக்காதா? இருந்தால், அந்த ரசாயனத்தையே தீனியாகப் போட்டு வளர்த்து நமக்கு வேண்டிய சரக்கை வாங்கிக்கொள்ளலாமே.

தேடுவதற்கு அவர் கையாண்டது முரட்டு வழி. நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவத்தில் மண்ணைப் போடுவது. கரிமத்துக்கு அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. கார் ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றுகிறோமே, அதன் மூலப்பொருள்தான் இந்த எத்திலீன் கிளைக்கால். மனிதர் குடித்தால் சிறுநீரகம் போய்விடும். இதையும் சாப்பிட்டுக்கொண்டு எது பிழைத்து நிற்கிறதோ அதைப் பிடித்துத் தனியே வளர்ப்பது என்பது திட்டம்.

ஒன்று பிழைத்தது. பிழைத்ததோடு நிற்காமல், தான் வளர்ந்த திரவத்தையே கொழகொழவென்று ஆக்கிவிட்டது. அதற்கு 10சி3 என்று எண் கொடுத்தார்கள். கொழகொழப்பை ஆராய்ந்தபோது அது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த கூட்டுச் சர்க்கரை, அதாவது பாலிசாக்கரைடு என்று தெரிந்தது. அதில் சக்சினிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒன்றை அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. 1964-ல் ஹராடாவும் யோஷிமுராவும் அதைப் பற்றி எழுதினார்கள். சக்சினோகிளைக்கான் என்ற பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் ஷெல் நிறுவனம் இந்த வகைப் பசையை எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறக்கும் திரவங்களைக் கெட்டியாக்கப் பயன்படுத்தியது என்பது உபரிச் செய்தி.

நம் கதாநாயகன் அதுவல்ல. அவன் பிறந்தது அதன் பிறகு, யாரும் எதிர்பாராத நேரத்தில்.

பாக்டீரியாவைத் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி வளர்த்துக்கொண்டே இருந்தால் ஆயிரக்கணக்கான தலைமுறைகள் ஓடிவிடும். அதில் ஒன்று இரண்டு தானாகவே குணம் மாறும். 10சி3 வகையிலும் அப்படி ஒன்று தலைகாட்டியது. சக்சினோகிளைக்கானை அது அடியோடு நிறுத்திவிட்டு, தண்ணீரில் கரையாத வேறொரு பொருளை மட்டும் செய்துகொண்டிருந்தது. 10சி3கே என்று பெயரிட்டார்கள். இந்தப் புதுப் பொருளைக் காயவைத்தால் வெள்ளைப் பொடி. தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் தங்கும். காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் கரைந்துவிடும். தண்ணீரில் கலக்கிச் சோதனைக் குழாயில் சூடாக்கினார்கள். குழாயைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு உள்ளே கெட்டியாக உறைந்துபோயிருந்தது.

அகார் அகார் என்று நாம் கடையில் வாங்கும் கடல்பாசி, கொதித்துக் கரைந்து ஆறும்போது உறையும். மறுபடி கொதிக்கவைத்தால் மறுபடி உருகும். இந்தப் புதுப் பொருளோ முட்டையின் வெள்ளைக்கருவைப் போல, சூட்டில் உறைகிறது. அதிலும் இரண்டு நிலை உண்டு. 55 முதல் 65 டிகிரி வரை சூடாக்கி ஆறவிட்டால் இளக்கமான உறைவு. திரும்பச் சூடாக்கினால் கலைந்துவிடும். 80 டிகிரியைத் தாண்டவிட்டால் உறுதியான, ரப்பர் போல் மீளும் உறைவு. அதற்குப் பிறகு எவ்வளவு சுடவைத்தாலும் உருகாது. 1966-ல் இந்த உறைவைப் பற்றிய முதல் கட்டுரை. 1968-ல் ஹராடா, மிசாகி, சைட்டோ மூவரும் அதன் கட்டமைப்பை விளக்கி கர்ட்லான் என்று பெயர் சூட்டினார்கள். வெறும் குளுக்கோஸ். வேறு சர்க்கரை இல்லை, கிளை இல்லை, ஒட்டிக்கொண்ட அமிலம் இல்லை. குளுக்கோஸோடு குளுக்கோஸ், பீட்டா 1,3 என்ற பிணைப்பில் ஒரே நேர்ச் சங்கிலி. மரக்கட்டையின் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். அங்கே பிணைப்பு பீட்டா 1,4. ஒரு எண் மாறியதில் ஒன்று கட்டையாகிறது, ஒன்று ஜெல்லியாகிறது.

இந்தப் பாக்டீரியா யார் என்ற கேள்வி கொஞ்ச காலம் தொங்கிக்கொண்டிருந்தது. அல்கலிஜீனஸ் என்று முதலில் வைத்த பெயர் பொருந்தவில்லை. பிறகு பார்த்ததில் அது அக்ரோபாக்டீரியம். செடிகளின் தண்டில் கழலை எழுப்பும் இனம். அக்ரோபாக்டீரியமும், பயறு வகைகளின் வேரில் முடிச்சு போடும் ரைசோபியமும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். எல்லைக்கோடு எங்கே என்று வகைப்பாட்டியல்காரர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். சிலர் அக்ரோபாக்டீரியத்தையே ரைசோபியம் ரேடியோபாக்டர் என்று எழுதுகிறார்கள். உறவுக்கு இன்னொரு சாட்சி அந்த முதல் பசை. குதிரைமசாலின் வேரில் முடிச்சு போடும் பாக்டீரியாவும் அதே சக்சினோகிளைக்கானைத்தான் செய்கிறது. ஒசாகாக்காரர்கள் கூலன்டில் பிடித்தது வேர்முடிச்சுக் குடும்பத்தின் குலச்சொத்து.

அப்படியானால் கர்ட்லானின் ஜாதகத்தைப் பார்க்க வேர்முடிச்சுக்குத்தான் போக வேண்டும்.

1886-ல் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் ஹெல்ரீகல், பயறுச் செடிகள் காற்றின் நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன, அதற்குக் காரணம் வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் என்று அறிவித்தார். வில்ஃபார்த்தோடு சேர்ந்து அவர் எழுதிய முழு விவரம் 1888-ல் வந்தது. அதே 1888-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஈஸ்ட் ஆலையில் வேலை பார்த்த பையரிங்க், அந்த நுண்ணுயிரை முடிச்சிலிருந்து பிரித்துத் தனியாக வளர்த்துக் காட்டினார். பயறுச் செடியின் இலைக் கஷாயத்தில் ஜெலட்டின் சேர்த்த ஊடகம் அவருடையது. ஆராய்ச்சிக்காரர்கள் இலைக் கஷாயத்தைக் கைவிட்டு, ஈஸ்ட் சாறும் மானிட்டாலும் சேர்ந்த ஊடகத்துக்கு நாளடைவில் வந்துசேர்ந்தார்கள். இன்று உலகத்தில் எந்த வேளாண் கல்லூரியில் நுழைந்தாலும் ரைசோபியத்துக்கு அதுதான் சாப்பாடு.

செய்முறை எளிது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மானிட்டால் 10 கிராம், ஈஸ்ட் சாறு அரை கிராம், கொஞ்சம் பாஸ்பேட், கொஞ்சம் மெக்னீசியம் சல்பேட், ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பு, கெட்டியாக 15 கிராம் அகார். காங்கோ சிவப்பு என்ற சாயத்தையும் துளி சேர்ப்பார்கள். மற்ற பல பாக்டீரியாக்கள் சாயத்தை உறிஞ்சிச் சிவந்துவிடும். ரைசோபியம் பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும். வேகமாக வளரும் இனம் என்றால் மூன்று நாளில் தட்டில் கண்ணாடித் துளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஈரமாக, பளபளவென்று, உப்பலாக. கம்பி வளையத்தால் தொட்டு மேலே இழுத்தால் நூல் நீளும். இன்னும் இரண்டு நாள் விட்டால் துளிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்து, தட்டைச் சாய்த்தால் மூடிக்கு வழியும். தனித்தனியாக எண்ண வேண்டிய மாணவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இந்த வழிசலுக்குக் காரணம் பாக்டீரியாவின் சுபாவம் என்றே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி நாம் போடும் சாப்பாட்டில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கிராம் மானிட்டாலில் கரிமம் ஏறக்குறைய 4 கிராம். அரை கிராம் ஈஸ்ட் சாற்றில் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன் என்று வைத்தால், 50 மில்லிகிராம். எண்பதுக்கு ஒன்று. பாக்டீரியாவின் உடம்பு கட்டுவதற்குத் தேவையான விகிதமோ ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. நைட்ரஜன் இல்லாமல் புரதம் இல்லை, மரபணு இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. முதல் நாள் இரண்டாம் நாளிலேயே அந்தச் சொற்ப நைட்ரஜன் தீர்ந்துவிடுகிறது. மானிட்டாலோ மலைபோல் மிச்சம் இருக்கிறது.

வளர முடியாது, சர்க்கரை மட்டும் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்யும்? இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, உடம்புக்குள்ளேயே பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற கொழுப்பு மாதிரியான துணுக்குகளாகச் சேமிப்பது. நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே வெள்ளை மணிகளாகத் தெரியும். மற்றொன்று, சர்க்கரையை யூடிபி-குளுக்கோஸ் என்ற தயார்நிலை வடிவத்துக்கு மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வெளியே தள்ளுவது. அதுதான் பசை. சங்கிலியில் சேர்வது சர்க்கரை மட்டுமே என்பதால் அங்கே நைட்ரஜன் செலவு கிடையாது.

நிரம்பி வழிவது என்று சொல்லி முடித்துவிட்டால் பாக்டீரியாவைக் குறைத்து மதிப்பிட்டதாகும் என்பது என் கட்சி. எந்தச் சத்து குறைந்தால் எந்தப் பசை என்பதை அது தேர்ந்தெடுக்கிறது. இதைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது.

அமெரிக்காவின் எம்ஐடியில் ஜான் லீ, ஈதன் சைனர், கிரஹாம் வாக்கர் மூவரும் குதிரைமசால் பாக்டீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கால்கோஃப்ளோர் என்றொரு சாயம். துணியைப் பளிச்சென்று காட்டுவதற்காக ஜவுளித் தொழிலில் புழங்கும் இனம். அதை ஊடகத்தில் கலந்து புற ஊதா விளக்கைப் போட்டால், சக்சினோகிளைக்கான் செய்யும் துளிகள் இருட்டில் நீலப்பச்சையாக ஒளிரும். அந்தத் தட்டில் ஒளிராத துளிகளைப் பொறுக்கினார்கள். பசை செய்யத் தெரியாத பிறவிகள். அவற்றைக் குதிரைமசால் விதையில் போட்டார்கள். செடி முடிச்சு போட்டது, ஆனால் முடிச்சு காலி. உள்ளே பாக்டீரியா இல்லை. வேரின் மயிரிழைக்குள் நுழையும் குழாய் பாதியிலேயே நின்றுவிட்டது. 1985-ல் வெளிவந்த இந்த முடிவோடு பசையின் மதிப்பு ஒரேயடியாக மாறியது. வழித்துக் கொட்டும் அழுக்கு என்று நினைத்திருந்தது, செடியின் வீட்டுக்குள் நுழையக் காட்டும் அனுமதிச் சீட்டு.

அதே பாக்டீரியாவிடம் இரண்டாவது பசை ஒன்றும் ஒளிந்திருந்தது. சாதாரண ஊடகத்தில் எட்டிப்பார்க்காது. சியாட்டிலுக்கு மாறியிருந்த லீயின் ஆய்வகம் 1991-ல் அதை வரவழைத்த வழி மிக எளிது: பாஸ்பேட்டைக் குறைத்தார்கள். மணிச்சத்துப் பஞ்சம் வந்ததும் பாக்டீரியா பழைய பசையோடு நிற்காமல் குளுக்கோஸும் காலக்டோஸும் மாறி மாறி வரும் புதுப் பசையைத் தொடங்கியது. மண்ணில் இருக்கும் நீரில் கரைந்த பாஸ்பேட் எப்போதுமே அற்பம். வேர்முடிச்சுக்குள் அது தாராளம். ஆக ஆய்வகத் தட்டில் நாம் பார்ப்பது விருந்துச் சாப்பாட்டின் குணம். மண்ணில் அதன் அன்றாடம் வேறு.

சர்க்கரையின் வகையும் சும்மா விடாது. வேகமாக வளரும் ரைசோபியம் இனங்கள் மானிட்டால், குளுக்கோஸ், சாதாரண வெல்லச் சர்க்கரையான சுக்ரோஸ் எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கும். பார்த்துவிட்டு ஊடகத்தைப் புளிக்கவைக்கும். சோயா மொச்சையோடு சேரும் மெதுவான இனமான பிராடிரைசோபியம் சுக்ரோஸைப் பெரும்பாலும் சீண்டாது. மானிட்டால் ஊடகத்தில் அது காரத்தன்மையைத்தான் கூட்டும். ஒன்றுக்கு எடுபட்ட தீனியை மற்றொன்றுக்குப் போட்டுவிட்டு, இந்த இனம் பசை செய்யாது என்று தீர்ப்பு எழுதுவது அவசரத் தீர்ப்பு.

நம் ஊரில் இந்தப் பசை ஓசைப்படாமல் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. உளுந்து, நிலக்கடலை விதைக்கும் முன் ரைசோபியம் பாக்கெட்டைப் பிரித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்துகிறோம். உலரும்போது பாக்டீரியா செத்துப்போகாமல் காப்பதில் அதைச் சுற்றியுள்ள பசை உறைக்கும் பங்கு உண்டு. பிறகு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே ரத்தச் சிவப்பு தெரிய வேண்டும்; வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. விதைத்த கையோடு யூரியாவை அள்ளிப் போட்டவர் வயலில் முடிச்சே அருகிப்போகும். தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது செடி எதற்கு விருந்தாளிக்கு இடம் கொடுக்கும்?

திரும்ப கர்ட்லானுக்கு வருவோம். ஒசாகாவின் சோதனைக் குழாயிலிருந்து அதை ஆலைக்குக் கொண்டுபோனது டகேடா என்ற மருந்து நிறுவனம். ஆலை என்றதும் கேள்வி காசுக் கேள்வியாகிவிடுகிறது: போடும் சர்க்கரையில் எவ்வளவு பசையாகத் திரும்பி வரும்? விடை முழுக்க நைட்ரஜனில் இருந்தது. கர்ட்லான் செய்யும் பாக்டீரியாவுக்கு அம்மோனியா உப்பு மிச்சம் இருக்கும்வரை பசையில் நாட்டமே கிடையாது. பெருகுவதிலேயே குறியாக இருக்கும். அம்மோனியா தீர்ந்த பிறகுதான் கர்ட்லான் வெளிவரத் தொடங்குகிறது. எனவே வளர்ப்பை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் அளந்து நைட்ரஜன் கொடுத்துப் பாக்டீரியாப் படையைத் திரட்டு. இரண்டாம் கட்டத்தில் நைட்ரஜனைச் சுத்தமாக நிறுத்திவிட்டு, சர்க்கரையை மட்டும் ஊட்டிக்கொண்டிரு.

கேட்க எளிது, கை வைத்தவருக்குத்தான் நெளிவு சுளிவு தெரியும். நைட்ரஜனைக் கூடக் கொடுத்தால் சர்க்கரையெல்லாம் உடம்பாகிப் பசைக்கு மிஞ்சாது. குறைத்துக் கொடுத்தால் பசை செய்ய ஆள் போதாது. பாஸ்பேட்டும் அப்படியே: அடியோடு இல்லாவிட்டால் படை திரளாது, மிஞ்சிக் கிடந்தால் கர்ட்லான் குறையும். கொரிய ஆராய்ச்சியாளர்கள் 1990-களின் கடைசியிலிருந்து இந்த நுணுக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். வளரும்போது அமிலக் காரநிலை 7-ல் இருப்பது நல்லது. அம்மோனியா தீர்ந்த நேரம் பார்த்து 5.5-க்கு இறக்கினால் கர்ட்லான் கூடுகிறது. நைட்ரஜன் தீர்ந்த சமயத்தில் யூராசிலைச் சிறிதளவு சேர்த்தாலும் கூடுகிறது. யூடிபி-குளுக்கோஸ் கட்டுவதற்கு யூராசில் வேண்டுமே. சர்க்கரைகளில் சுக்ரோஸும் மால்டோஸும் நல்ல பலன் கொடுத்தன.

ஒரு விஷயத்தில் கர்ட்லான் ஆலைக்காரர்களுக்கு வரமும் சாபமுமாக வாய்த்தது. சாந்தான் போன்ற கரையும் பசைகள் தொட்டி முழுவதையும் பாகுபோல் ஆக்கிவிடும். கலக்கியே மோட்டார் தேயும். கர்ட்லான் கரையாதது என்பதால் திரவம் நீர்த்தே இருக்கிறது, கலக்குவது சுலபம். ஆனால் அது பாக்டீரியாவின் உடம்பைச் சுற்றியே கம்பளியாகப் படிந்துவிடுகிறது. பசை தடிக்கத் தடிக்க ஆக்ஸிஜன் உள்ளே போவது கடினமாகிறது. தான் நெய்த போர்வையிலேயே அதற்கு மூச்சு முட்டுகிறது. ஆகவே காற்றை வலுவாக ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அறுவடை வேறொரு கூத்து. காஸ்டிக் சோடாவில் போர்வையைக் கரைத்து, மையவிலக்கியில் சுழற்றிப் பாக்டீரியாவை ஒதுக்கி, அமிலம் விட்டுப் பசையைத் திரும்பத் திரளவைத்து, உப்புப் போகக் கழுவி, உலர்த்திப் பொடியாக்க வேண்டும்.

கர்ட்லான் உருவாவதன் மரபணுப் பக்கம் ஆஸ்திரேலியாவில் வெளிச்சத்துக்கு வந்தது. மெல்பர்னில் புரூஸ் ஸ்டோனும் அவருடைய சகாக்களும் கர்ட்லான் செய்யும் நொதிக்குரிய மரபணுவை 1999-ல் அடையாளம் காட்டினார்கள். கர்ட்லான் செய்யும் துளிகளைப் பிரித்தறியும் வழியும் இந்தத் துறையில் அழகானது: ஊடகத்தில் அனிலின் நீலம் கலந்தால் கர்ட்லான் துளிகள் மட்டும் சாயத்தைப் பிடித்து அடர் நீலமாக நிற்கும். ஒரு மரபணுவைக் கெடுத்துவிட்டு, எந்தத் துளி நீலத்தை இழந்து வெளுத்தது என்று பார்த்தாலே போதும், வழக்கு பாதி முடிந்தது.

உணவில் கர்ட்லான் சேர்க்க ஜப்பானில் 1989-லும் அமெரிக்காவில் 1996 டிசம்பரிலும் அனுமதி கிடைத்தது. சர்வதேச உணவுச் சேர்மானப் பட்டியலில் அதன் எண் 424. நூடுல்ஸ் வெந்நீரில் குழையாமல் கடிபட, மீன் அரைப்புப் பண்டங்கள் துள்ளலாக இருக்க, சாஸேஜில் நீர் வடியாமல் நிற்க அதைச் சேர்க்கிறார்கள். டோஃபுவை உறையவைத்து உருக்கினால் பஞ்சாகிவிடும் என்பது பழைய குறை. கர்ட்லான் சேர்த்த டோஃபு உறைபெட்டிக்குள் போய் வந்தாலும் தன் மென்மையை விடாது. இறால் இல்லாத இறால், கொழுப்பு இல்லாத கொழுப்பு என்று சைவப் போலி இறைச்சிக்காரர்களும் இப்போது அதைத் தேடி வருகிறார்கள், எண்ணெயில் பொரித்தாலும் உருகாது என்பதற்காக.

சர்க்கரையிலிருந்து பிறந்தாலும் அதைத் திரும்பச் சர்க்கரையாக உடைக்கும் நொதி நம் குடலில் கிடையாது. சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதைச் சாப்பிடுகின்றன.